எண்ணிச் செய்ததும் எண்ணாமல் விளைந்ததும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மும்மொழி வாழ்வு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. அடுக்களையில் தமிழ், தெருவிலும் கடைவீதியிலும் தெலுங்கு, பள்ளிக்கூடத்தின் படியை மிதித்ததும் ஆங்கிலம். இந்நிலை இன்று நேற்று வந்ததன்று. 1911-ஆம் ஆண்டில் வட ஆர்க்காட்டின் பகுதிகளும் கடப்பையின் பகுதிகளும் சேர்ந்து சித்தூர் மாவட்டம் அமைந்தபோதே இரு மொழியாரும் இங்கே ஒரே கிணற்றில் நீர் இறைத்தனர். 1953-இல் மாவட்டம் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு பலமுறை நகர்ந்தன. வீட்டில் மூன்று மொழிகள் புழங்குவது மட்டும் மாறவில்லை.

மூன்று மொழி அறிவது செல்வமே. ஆயினும் ஒரு மொழியின் வழக்கத்தை மற்றொன்றின் மேல் அறியாது ஏற்றிவிட்டால் அச்செல்வமே சில வேளைகளில் இடராய் முடியும். அத்தகைய இடர் ஒன்று எங்கள் குடும்பத்தில் நேர்ந்தது. அதனைச் சொல்லி, அதிலிருந்து நாங்கள் கற்ற சிறு இலக்கணப் பாடத்தையும் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மாமன் எழுதிய விளக்கம்

என் தாய்மாமன் அரக்கோணத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சித்தூருக்கு வந்தவர். 1987-ஆம் ஆண்டு ஒரு தனியார் கிடங்கில் இருப்புக் கணக்கராய் இருந்தார். ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், மாலை வீடு திரும்பும் அவசரத்தில் அலுவலறையின் சன்னலைச் சாத்த மறந்துவிட்டார். இரவெல்லாம் சாரல் அடித்தது. மேசை மேலிருந்த பேரேடுகள் மூன்று ஊறிப்போயின. மறுநாள் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதித் தரும்படி மேலிடத்திலிருந்து தாள் வந்தது.

மாமன் பொய் சொல்ல அறியாதவர். ‘மழை உள்ளே வரும்படி சன்னலைத் திறந்து போட்டுவிட்டேன்’ என்று தமிழில் மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். அதையே அகராதியின் துணையோடு ஆங்கிலமாக்கினார். ‘படி’ என்பதற்கு ‘இன் ஆர்டர் தட்’ என்று கண்டு, அதையே பெருமையோடு போட்டார். அதன் பொருள் என்னவாயிற்றெனில், ‘மழை உள்ளே வரவேண்டும் என்னும் நோக்கத்தோடு நான் சன்னலைத் திறந்து வைத்தேன்’ என்பதாயிற்று. மறதியை ஒப்புக்கொள்ள எண்ணியவர், கேடு செய்ததாகத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்! இரண்டு நாளில், ‘வேண்டுமென்றே உடைமைக்குச் சேதம் விளைவித்தமைக்காக ஏன் வேலையிலிருந்து நீக்கலாகாது?’ என்று கேட்டு அடுத்த தாள் வந்தது.

வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. அண்டை வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். தெலுங்கர், தமிழும் நன்கு அறிந்தவர். மாமன் தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினார்.

“மாஸ்டாரு, நடந்ததை நடந்தபடியே எழுதினேன். இப்படிக் கேட்கிறார்களே!” என்றார்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு, “நடந்ததை நீ எழுதவில்லையப்பா. நினைத்துச் செய்ததாக எழுதியிருக்கிறாய். ‘படி’ என்றால் எங்கள் தெலுங்கிலும் உங்கள் தமிழிலும் இரண்டுக்கும் செல்லும். ஆங்கிலத்தில் செல்லாது” என்றார்.

பிறகு அவர் எழுதிய வாக்கியம் சிறியது. ‘கேர்லெஸ்லி’, அதாவது ‘கவனக்குறைவாக’, என்னும் ஒரு வினையடையை முன்னே வைத்தார். ‘இன் ஆர்டர் தட்’ என்பதை எடுத்துவிட்டு, ஒரு காற்புள்ளியிட்டு, ‘சோ தட்’ என்று தொடங்கி, மழை வந்ததை இறந்தகாலத்தில் முடித்தார். ‘கவனக்குறைவாகச் சன்னலைத் திறந்து விட்டுவிட்டேன், அதனால் மழை உள்ளே வந்தது’ என்பது அதன் பொருள். மாமனுக்கு ஒரு வார ஊதியம் பிடிக்கப்பட்டது, வேலை நிலைத்தது.

ஒரே எச்சம், இரு பொருள்

இதில் மாமனின் பிழை எங்கே நேர்ந்தது? தமிழில் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் பல பொருள் சுமக்கும். ‘சாமி கும்பிட வந்தான்’ என்றால் கும்பிடுவது நோக்கம். ‘ஏரி நிறைய மழை பெய்தது’ என்றால் நிறைந்தது விளைவு. ஏரியை நிரப்பவேண்டும் என்று மழை எண்ணுவதில்லை. ‘மழை பெய்ய ஏரி நிறைந்தது’ என்றாலோ, அதே எச்சம் காரணத்தைக் காட்டுகிறது. ‘படி’, ‘மாறு’ என்பனவும் இவ்வாறே எண்ணத்துக்கும் விளைவுக்கும் பொதுவாய் நிற்பன.

நம் முன்னோர் நோக்கத்தைச் சொல்லச் சிறப்பு வாய்பாடுகளும் வைத்திருந்தனர். பவணந்தியார் நன்னூலில் எண்ணும் வினையெச்சங்களுள் செய்யிய, செய்யியர், வான், பான், பாக்கு என்பன அத்தகையன. ‘உண்பான் வந்தான்’ என்றால் உண்ணும்பொருட்டு வந்தான் என்பதே பொருள்.  இவை பேச்சிலிருந்து மறைந்தபின், ‘செய’ என்பதும் ‘படி’ என்பதும் அச்சுமையையும் ஏற்றுக்கொண்டன. தெலுங்கிலும் ‘செருவு நிண்டேட்டு வான படிந்தி’ என்பர். அந்த ‘ஏட்டு’ நம் ‘படி’யின் உடன்பிறப்பே போலும்.

இப்படியிருந்தும் தமிழர் ஒருவரையொருவர் தவறாக உணர்வதில்லையே, ஏன்? துணைவினை நமக்குக் காவல் நிற்கிறது. ‘காற்று வரும்படி திறந்து வைத்தேன்’ என்னும்போது, ‘வைத்தேன்’ என்பதிலேயே எண்ணம் தெரிகிறது. ‘மழை வரும்படி திறந்து போட்டுவிட்டேன்’ என்னும்போது, ‘போட்டுவிட்டேன்’ என்பதிலேயே மறதியும் வருத்தமும் தெரிகின்றன. தெலுங்கிலும் ‘தெரிச்சி பெட்டானு’ என்பது ஒன்று. ‘தெரிச்சி வதிலேசானு’ என்பது வேறு. ஆங்கிலத்தில் இத்தகைய துணைவினை இல்லை. அங்கே அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் வினையடையே. மாமன் ‘படி’யை மொழிபெயர்த்தார், ‘போட்டுவிட்டேன்’ என்பதை மொழிபெயர்க்க மறந்தார். முழுத் தொல்லையும் இதனுள் அடங்கும்.

வினையடை சொல்லும் சாட்சி

ஆகவே பிள்ளைகள் நினைவிற்கொள்ள வேண்டிய முதல் விதி இது. ‘டெலிபரேட்லி’ என்னும் ‘வேண்டுமென்றே’ நோக்கத்தைச் சொல்லும் சார்பு வாக்கியத்தோடு இயல்பாய்ப் பொருந்தும். ‘கேர்லெஸ்லி’ என்னும் ‘கவனக்குறைவாக’, ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்னும் ‘துரதிர்ஷ்டவசமாக’ ஆகியவை விளைவோடு பொருந்தும். கவனக்குறைவாக ஒருவர் நோக்கம் கொள்ள முடியாதன்றோ?

இரண்டாவது, ‘சோ’ என்னும் சிறு சொல் நிற்கும் இடம். நம் பாட்டிமார் அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறுவதை எடுத்துக்கொள்வோம். மூச்சு வாங்காதிருக்க மெல்ல ஏறினார் என்றால், ‘ஸ்லோலி’ என்னும் வினையடையை முதலில் முடித்து, அதன்பின் ‘சோ தட்’ வரவேண்டும். இது நோக்கம். ஏறி முடிப்பதற்குள் விடிந்துவிடும் அளவுக்கு மெல்ல ஏறினார் என்றால், ‘சோ’ முன்னே சென்று ‘சோ ஸ்லோலி தட்’ என்று நிற்கும். இது விளைவு. வினையடைக்கு முன் நிற்கும் ‘சோ’ அளவைக் காட்டுகிறது. அளவு மிஞ்சினால் விளைவு பிறக்கிறது. விடியவேண்டும் என்று எந்தப் பாட்டியும் மெல்ல ஏறுவதில்லை.

மூன்றாவது, ‘சோ தட்’ தனித்து நிற்கும்போது அதன்பின் வரும் வினையைப் பார்க்கவேண்டும். ‘மே’, ‘மைட்’, ‘கேன்’ போன்ற துணைச்சொல் வந்தால் பெரும்பாலும் நோக்கம். நடந்து முடிந்த வினை வெறுமனே வந்தால் விளைவு. எழுதும்போது அதற்கு முன் காற்புள்ளியும் இடுவர். எதிர்மறை நோக்கத்துக்கு ‘சோ ஆஸ் நாட் டு’ என்பது ஏற்றது. குழந்தை விழித்துக்கொள்ளாதிருக்க மெதுவாய்க் கதவைச் சாத்தினாள் என்பதற்கு இது பொருந்தும்.

நான்காவது, ‘ஓன்லி டு’ என்னும் தொடர். திருச்சானூருக்கு ஓடினோம்; போய்ப் பார்த்தால் நடை சாத்தியிருந்தது என்பதை ஆங்கிலேயர் ‘ஓன்லி டு ஃபைண்ட்’ என்று சொல்வர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘நடை சாத்தியிருப்பதைக் காண்பதற்காகவே ஓடினோம்’ என்றாகும்! ‘டு’ என்பது நோக்கம்போல் தோன்றினும், முன்னிற்கும் ‘ஓன்லி’ அதனை ஏமாற்றமாய் மாற்றிவிடுகிறது. ‘ஜஸ்ட் டு’ என்றால் மட்டும் ‘அதற்காகவே’ என்னும் பொருள் நிற்கும்.

‘டூ’ என்பதையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம்மவர் இதனை ‘மிக’ என்னும் பொருளில் வழங்குகின்றனர். ‘டூ ஹெவி டு லிஃப்ட்’ என்றால் மிகக் கனம் என்பது மட்டுமன்று, தூக்க முடியாது என்னும் மறுப்பும் உள்ளே மறைந்திருக்கிறது. தூக்கக்கூடிய அளவுக்கு இலேசு என்பதற்கு ‘லைட் இனஃப் டு லிஃப்ட்’ என்று, ‘இனஃப்’ என்பதைப் பின்னே வைக்கவேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை

விதிகளெல்லாம் மறந்துபோனாலும் தலைமையாசிரியர் எங்களுக்குக் கற்பித்த எளிய சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதுமுன் தமிழ் வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவே ‘அதனால்’ என்பது பொருந்தினால் விளைவு. ‘வேண்டும் என்பதற்காக’ என்பது பொருந்தினால் நோக்கம். அதன்பின் எந்த வினையடை அங்கே உண்மை சொல்லும் என்று தேடுங்கள். விண்ணப்பம், விளக்கம், காப்பீட்டுக் கோரிக்கை, காவல் நிலையத்துக்கு எழுதும் மனு ஆகிய எதற்கும் இச்சோதனை உதவும். இவ்விடங்களிலெல்லாம் ‘எண்ணிச் செய்தாயா?’ என்பதே முதற்கேள்வி.

ஏ. எச். ஆர்டன் என்னும் ஆங்கிலேயர் 1873-இல் தெலுங்குக்கும் 1891-இல் தமிழுக்கும் இலக்கணம் எழுதினார். நம் இரு மொழிகளின் எச்சங்களை ஓர் அயலார் அத்தனை பொறுமையோடு கற்றாரெனில், அவருடைய மொழியின் ‘சோ தட்’ நமக்கு எட்டாக் கனியாகுமா? 1888-இல் திருத்தணியில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், உலகம் மதிக்கும் ஆங்கில உரைநடை எழுதியது இம்மண்ணின் மொழிச் சூழலிலிருந்து சென்றுதான்.

என் மாமன் இன்றில்லை. அவர் பேரப்பிள்ளைகள் ஆங்கிலக் கடிதம் எழுதி முடித்ததும், வீட்டுப் பெரியவர் யாராவது ஒருவர், “சன்னலைத் திறந்து வைத்தாயா, திறந்து போட்டுவிட்டாயா?” என்று கேட்பது இன்றும் எங்கள் வீட்டு வழக்கம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கடிதத்தை மறுமுறை படிக்கிறார்கள். நம் சங்கத்துக் குடும்பங்கள் யாவற்றிலும் இக்கேள்வி ஒலிக்குமாயின், அன்று அவர் பட்ட துன்பம் வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.