ஒரு ஊரே உருண்டு போகுது!

டூர் டி பிரான்ஸ் என்றால் டிவியில் தெரிவது சைக்கிள்தான். 2025-இல் 23 அணிகள், அணிக்கு 8 பேர். 23 நாளில் 21 கட்டங்கள், நடுவில் இரண்டே ஓய்வு நாட்கள், மொத்தம் 3,300 கிலோமீட்டருக்கு மேல். சரி, அதை விடுங்கள். கேமரா திரும்பாத பக்கம்தான் கூத்தே!

முதலில் சமையல் லாரி. பெரிய அணிகள் ஓட்டல் சாப்பாட்டை நம்புவதில்லை. சமையல்காரரையும் அடுப்பையும் கூடவே கொண்டுவருகின்றன. சிலர் ஆளுக்கொரு மெத்தையைக்கூட ஓட்டலுக்கு ஓட்டல் தூக்கிப்போகிறார்கள்! மலைக் கட்டத்தன்று ஒருவருக்கு 6,000 கலோரிக்கு மேல் தேவைப்படலாம். அதனால் காலையிலேயே சோறு. ஆமாம், சோறேதான், ஆம்லெட்டோடு. வழியில் தின்பதும் சோறே: குழைய வேகவைத்த அரிசியில் சீஸும் சர்க்கரையும் பிசைந்து, தட்டில் அழுத்தி, ஆறியதும் துண்டு போட்டு, ஒவ்வொன்றாகத் தாளில் மடித்துத் தருகிறார்கள். ஒரு கை ஹேண்டில்பாரில் இருக்க, மறு கையால் பிரிக்க வர வேண்டும். அந்த மடிப்பே தனி வித்தை.

இதற்குள் சாலையில் ஒரு வண்டி பெயிண்டோடு கிளம்பியிருக்கும். ரசிகர்கள் தாரில் வீரர்களின் பெயரை எழுதுவார்கள். சில குறும்பர்கள் எழுதக் கூடாததையும் வரைந்துவைப்பார்கள். ஹெலிகாப்டர் கேமரா வருமுன் அதைச் சரிக்கட்ட வேண்டுமே? நாலு கோடு சேர்த்தால் ஆபாசம் ஆந்தையாகிவிடும், இல்லாவிட்டால் பட்டாம்பூச்சி. இதுவும் ஒரு உத்தியோகம்!

அப்புறம் விளம்பர ஊர்வலம். 1930 முதல் நடக்கிறது. வீரர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால், விசித்திர வேஷம் போட்ட வண்டிகள் மிட்டாயையும் தொப்பியையும் உலர்ந்த சாசேஜையும் வீசிக்கொண்டே போகும். தாத்தா பாட்டிகள் பேரனை முந்திக்கொண்டு பாய்வதைப் பார்க்கணும். பாதிக் கூட்டம் இதற்குத்தான் வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

போட்டி கிளம்புவதும் வேடிக்கைதான். ஊருக்குள் வீரர்கள் கையசைத்துக்கொண்டு மெதுவாக உருளும்போது எதுவும் தொடங்கியிருக்காது. ஊர் எல்லை தாண்டி, சிவப்புக் காரின் கூரைத் திறப்பில் போட்டி இயக்குநர் எழுந்து நின்று கொடி அசைத்த பிறகுதான் நிஜக் கணக்கு.

பின்னால் வரும் அணிக் கார்களில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. ஜன்னல் வழியே பாட்டில் நீட்டுவார்கள். வீரர் பிடிப்பார். கொடுத்தவர் விடமாட்டார், வாங்கியவரும் இழுக்கமாட்டார். இரண்டு மூன்று நொடி கார் வேகம் இலவசம்! நடுவர் கொஞ்சம் கண்டும் காணாமலும் இருப்பார். ரொம்ப நீண்டால் அபராதம். இயற்கை உபாதைக்கும் எழுதாத சட்டம் இருக்கிறது: மஞ்சள் ஜெர்சிக்காரர், அதாவது மொத்த நேரக் கணக்கில் முன்னிலையில் இருப்பவர், அதற்காக ஓரம் கட்டினால், அந்த நேரம் பார்த்து யாரும் பாய்ந்து ஓடக் கூடாது.

எனக்குப் பிடித்த நாடகம் மலைக் கட்டத்தில், அதுவும் கடைசியில். சமதளத்தில் பறக்கும் கனத்த உடம்புக்காரர்கள் ஆல்ப்ஸ் ஏற்றத்தில் திணறிப்போவார்கள். முதலில் வந்தவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டி அன்றைய கெடுவை நிர்ணயிக்கிறார்கள். அது தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் எதிரணிக்காரர்கள்கூட ஒன்றுசேர்ந்து, கணக்குப் போட்டுக்கொண்டே மிதிப்பார்கள். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'குருப்பெட்டோ'. அவர்களுக்குப் பின்னால் 'துடைப்ப வண்டி' ஒன்று ஊர்ந்து வருகிறது, விலகியவர்களை அள்ளிப்போட. 1910-இல் பிரனீஸ் மலைக்குள் போட்டி நுழைந்தபோது வந்த ஏற்பாடு அது.

இனி பரிசு மேடை. அங்கே மாட்டும் மஞ்சள் ஜெர்சியில் முன்னிலை வீரரின் அணிப் பெயரை அங்கேயே, அப்போதே அச்சடித்துவிடுவார்கள். ஜிப் முதுகுப் பக்கம். வியர்த்துக் களைத்தவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டினால் போதும், பின்னாலிருந்து இழுத்து மூடிவிடலாம். கையில் ஒரு சிங்கப் பொம்மை வேறு! ராத்திரியே மேடையும் தடுப்புகளும் கழன்று லாரியேறும். மறுநாள் அடுத்த ஊரில் முளைக்கும்.

மூன்று வாரம் கழித்து வென்றவருக்குப் பரிசு 5 லட்சம் யூரோ. வழக்கப்படி அதை அவர் வைத்துக்கொள்வதில்லை; சக வீரர்களோடும் பாட்டில் நிரப்பியவர், சங்கிலி துடைத்தவர் என எல்லாரோடும் பங்கு பிரிகிறது.