'ஸ்மார்ட் கேஷுவல்' என்றால் என்ன உடுத்துவது?

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் நேர்முகத் தேர்வு, நிறுவன விருந்து என்று அழைப்பு வரும். கீழே 'ஸ்மார்ட் கேஷுவல்' என்றிருந்தால், கோட்டும் டையும் கேட்கிறார்களோ என்று நம் தோட்டத்துத் தம்பிகள் சிலர் போகவே தயங்குவதை நான் பார்க்கிறேன். தயக்கமே வேண்டாம். அலுவலக உடைக்கும் வீட்டு உடைக்கும் நடுவில் நிற்பதுதான் அது.

காலர் வைத்த சட்டை, கருநீலக் காற்சட்டை, பெல்ட், மூடிய காலணி போதும். கிழிந்த ஜீன்ஸும் ஜப்பான் சிலிப்பரும் வீட்டிலேயே இருக்கட்டும். சட்டையின் தோள் தையல், உங்கள் தோள் முடியும் இடத்தில் நிற்க வேண்டும். காற்சட்டை நீளமாக இருந்தால், சுங்கைப்பட்டாணியில் வாங்கிய கையோடு தையற்கடையில் கொடுத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்குப் பருத்தியே சுகம்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு வழி பாத்தேக். முழுக்கைப் பாத்தேக் சட்டையைக் கோட்டுக்கு ஈடாக அரசு விருந்துகளிலேயே ஏற்கிறார்கள். அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணிவதையும் பார்த்திருப்பீர்கள். பூவேலைச் சட்டைக்கு ஒரே நிறக் காற்சட்டை போடுங்கள். ஒரு நல்ல பாத்தேக் வாங்கினால் கல்யாணத்துக்கும் ஆகும், விருந்துக்கும் ஆகும்.

முதல் நாள் இரவே இஸ்திரி போட்டு மாட்டி வையுங்கள், தம்பிகளே. உடைக்குப் பயந்து ஒரு வேலையை விட்டுவிடாதீர்கள்.