தொட்டி மீன்களின் சகவாசம்

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, யுத்த காலமாகிய 1942-இல் மூடப்பட்ட மீன்காட்சிச்சாலையே, பொதுஜனங்கள் பார்ப்பதற்கென இந்தியாவில் ஏற்பட்டவற்றுள் முதன்மையானது என்பர். காசு கொடுத்து அங்கே சென்று அதிசயமாகக் கண்ட காட்சி இன்று முண்டியம்பாக்கத்திலும் விக்கிரவாண்டியிலும் திண்டிவனத்திலும் வீட்டுக் கூடத்து மேஜைமீதே இடம் பிடித்துவிட்டது. வேண்டும் மீன்களுக்கு ரயிலேறிச் சென்னை சென்றால், வர்ண மீன் வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூர் கடைவீதியில், பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் நாலாதேசத்து ஜாதிகளும் கிடைக்கின்றன.

அங்கேதான் தொல்லையும் ஆரம்பிக்கிறது. கோல்டு ஃபிஷ் இரண்டு, ஏஞ்சல் இரண்டு, டைகர் பார்ப் இரண்டு, நியான் டெட்ரா நாலு, ஃபைட்டர் ஒன்று என்று குழந்தைகள் விரல் நீட்டியவற்றையெல்லாம் வாங்கி வந்து ஒரே தொட்டியில் விடுகிறோம். வர்ணத்தை மட்டும் பார்த்து மீன் வாங்குவது, முகலட்சணத்தை மட்டும் பார்த்துச் சம்பந்தம் பேசி முடிப்பதை ஒக்கும். சுபாவம் தெரியவருவது பிறகுதான்.

ஏஞ்சலும் நியான் டெட்ராவும் அமேஸான் நதிப் பிரதேசத்திலிருந்தே வந்தவை. ஆயினும் குஞ்சாக இருக்கும்போது சாதுவாகத் தோன்றும் ஏஞ்சல் வளர்ந்தபின், ஓர் அங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட நியான் அதற்கு ஆகாரமாகிவிடும். ஒரு மீனின் வாய்க்குள் அடங்கக்கூடிய மற்றொரு மீனை அதனோடு விடலாகாது என்பதை முதல் விதியாகக் கொள்ளலாம். டைகர் பார்ப் எதையும் விழுங்குவதில்லை. நீண்ட துடுப்புள்ள மீன்களின் பின்னால் சென்று துடுப்பைக் கடித்துக் கந்தலாக்குவதே அதன் வேலை. ஆறு, எட்டு என்று கூட்டமாக வைத்தால் தமக்குள்ளேயே விரட்டிக்கொண்டு பிறரை ஓரளவு விட்டுவைக்கும். சயாம் தேசத்து ஃபைட்டரில் இரண்டு ஆண்களைச் சேர்த்து வைக்கக்கூடாது என்பதைப் பலரும் அறிவர். விசிறிவால் கப்பியையும் அது சில சமயம் எதிரியென்று பாவிக்கும் என்பது அவ்வளவாகத் தெரிந்த விஷயமல்ல. கோல்டு ஃபிஷ்ஷோ குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவு மிகுதியாக வெளிப்படுத்துவது. வெப்பநாட்டு மீன்களுக்கு அது தகுந்த துணையன்று. ‘ஷார்க்’ என்று சொல்லி விற்கப்படும் வெள்ளிநிறக் குஞ்சு சுறாவே அல்ல. மேகாங் நதியில் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும் கெளுத்தி இனம் அது.

கொசுவை ஒழிக்க 1928-இல் இத்தாலியிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். பார்வைக்குப் பெண் கப்பியைப் போலவே இருப்பதால், கிணற்றிலிருந்து இலவசமாகக் கிடைத்ததென்று அதைத் தொட்டியில் விடுவோர் உண்டு; துடுப்புக் கடிப்பதில் அது டைகர் பார்புக்கு இளைத்ததன்று.

சுபாவத்துக்கு அடுத்தபடி ஜலம். கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு நிற்குமாயின், உங்கள் நீர் கடினநீர். அந்த நீரில் கப்பி, மாலி, பிளாட்டி, ஸ்வார்டுடெயில் ஆகிய குட்டிபோடும் மீன்கள் சௌக்கியமாக வாழும். மென்னீர் மீனாகிய நியானுக்கு அது ஒவ்வாது. ஜலத்தை மீனுக்கேற்ப மாற்ற மருந்துகளோடு போராடுவதைக் காட்டிலும், இருக்கும் ஜலத்துக்கேற்ற மீனைத் தேர்வதே புத்திசாலித்தனம். அந்தக் குட்டிபோடும் மீன்களோடு கோராமியும் இருக்கலாம். நம் ஏரிகளின் பனையேறிக் கெண்டையைப் போல அது மேலே வந்து காற்றை நேரே சுவாசிக்கவல்லது, ஆதலால் மூடிக்கும் நீருக்கும் இடையே சிறிது இடைவெளி விடுவது அவசியம். அயல்நாட்டுச் சரக்கையே நாடும் நம்மவர், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செல்லாக்காசு என்னும் மஞ்சள் மீனை ஏன் ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. தன் உறவினமாகிய வேறொரு பெரிய மீனின் மேனியில் ஒட்டிய பூச்சிகளைக் கொத்தி அகற்றும் விசித்திர வழக்கமுடையது அது. முட்டையிட்ட காலத்தில் மட்டும் சற்றே கோபக்காரராகிவிடும்.

ஆகார விஷயத்துக்கு வருவோம். மீனின் வாயை உற்றுப் பார்த்தால் அது எங்கே உண்ணும் என்பது விளங்கும். மேல்நோக்கிய வாயுடைய கப்பி நீர்மட்டத்திலும், நேரான வாயுடைய டெட்ராவும் பார்பும் நடுநீரிலும், கீழ்நோக்கிய வாயும் மீசையும் உடைய கோரிடோராஸ் தரையிலும் இரை தேடுகின்றன. மிதக்கும் தீவனத்தை மட்டுமே தூவி, மீதி விழுவதைத் தரைமீன் தின்னும் என்றிருந்தால், அது மெலிந்து சாகும். விளக்கை அணைத்தபின் மூழ்கும் உருண்டைகளை அதற்கென்று தனியே இட வேண்டும். மாலிக்குப் பச்சையும் தேவையாதலால், வெந்நீரில் வாட்டிய கீரை சிறிது கொடுக்கலாம். சாக்கடைகளில் சேகரிக்கப்படும் சிவப்புப் புழுவை மீன்கள் ஆவலோடு தின்னும். ஆனால் வியாதியும் அதனோடு வரக்கூடும்.

இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே ஒரு வேளைக்குப் போதும். காலையும் மாலையும் இட்டால் நிறைவு. வளர்ந்த மீன்களுக்கு வாரத்தில் ஒருநாள் உபவாசம் கெடுதல் செய்யாது. கோயில் குளத்து வழக்கப்படி வருவோர் போவோரெல்லாம் ஒரு பிடி பொரி போட்டால், எஞ்சியது அழுகி அம்மோனியாவாக, மீன்கள் தம் ஜலத்திலேயே விஷமுண்டு மடியும். அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகையால் புதுத்தொட்டியில் முதல்நாளே மீன்களை நிரப்புவதும், வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசுவதும் கூடா. நம் பக்கத்துச் சித்திரை வைகாசி வெயிலில் நீர் சூடேற ஏற, அதில் கரையும் பிராணவாயு குறையும். அந்நாட்களில் தீவனத்தைக் குறைத்து, காற்றுக்குமிழியைக் கூட்டி, மின்தடைக்கென மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

தொட்டிக்கு மிஞ்சி வளர்ந்த மீனை ‘பிழைத்துப் போகட்டும்’ என்று ஏரியில் விடும் கருணை விபரீதமானது. பாசி தின்பதற்கென வாங்கப்படும் டேங்க் கிளீனர் ஓரடிக்கு மேல் வளர்ந்து, சென்னை வட்டாரத்து நீர்நிலைகள் சிலவற்றில் பெருகி, மீனவர் வலைகளில் உபத்திரவமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப்பின் கேரளத்து நதிகளில் தென்னமெரிக்க அரபைமா அகப்பட்டதும் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியதனாலேயே. வைத்துக்கொள்ள இயலாத மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டியுள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஏரியிலும் ஆற்றிலும் மட்டும் விடாதீர்கள்.