பழவேற்காடு: பூநாரையும் பாடும்

பூநாரை மேய ஆழம் வேண்டாம். கணுக்கால் முதல் முழங்கால் வரை தண்ணீர், அதன் அடியில் சேறு, இரண்டும் இருந்தால் போதும். காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். தலையைக் கவிழ்த்து அலகை நீரில் முக்கி, நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சல்லடையில் சின்னஞ்சிறு உயிர்கள் தங்கிவிடும். சென்னைக்கு வடக்கே, தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவாகக் கிடக்கும் பழவேற்காடு ஏரியில் அப்படிப்பட்ட சேற்றுத் திட்டுகள் ஏராளம். அதனால்தான் மழைக்காலம் தொடங்கியதும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன.

அதே ஏரியை நம்பித்தான் மீனவர்களும் இருக்கிறார்கள். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழியில் வலை காத்திருக்கும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் கடல்நீர் உள்ளே வராது, குஞ்சும் வராது. ஏரி வற்றி உப்பேறும். பூநாரை வேறு இடம் பார்த்துப் பறந்துவிடும். மீனவருக்குப் போக இடமில்லை. பறவைக்கும் மனிதருக்கும் ஆதாரம் அந்த ஒரே வாய்தான். அதைக் கற்சுவர் கட்டி நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தார்கள்.

ஆனால் நம் பாதுகாப்புச் சட்டம் முகத்துவாரத்திலிருந்து தொடங்கவில்லை, எல்லைக்கோட்டிலிருந்து தொடங்கியது. 1980-ல் தமிழகப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்குள்ளேயே ஊர்களும் பட்டா நிலங்களும் இருந்தன. கோடு போட்ட வேகத்தில் உள்ளே இருந்தவர்களின் உரிமையைத் தீர்த்து வைக்கவில்லை. பறவை வந்ததால் நமக்குத் தொல்லை என்று ஒரு கிராமம் நினைக்கத் தொடங்கினால், அந்தப் பறவைக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

இத்தனைக்கும், கட்டுப்பாடு என்பது இந்த ஏரிக்குப் புதிதல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டணவ மீனவர்கள் தலைமுறைகளாக நடத்திவரும் ‘பாடு’ முறை அதற்குச் சாட்சி. நல்ல இறால் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில் சுத்துவலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறது. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. இன்று உன் பாடு, நாளை என் பாடு. யாரும் எல்லா நாளும் எல்லா இடத்திலும் வலை போட முடியாது.

இதைப் பாராட்டும்போது மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. பாட்டில் எல்லாருக்கும் இடமில்லை. இருளர் பழங்குடிப் பெண்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். பிடித்த இறால் வாயருகே தொங்கும் பறிக்குள் போகிறது. படகு இல்லை, வலை இல்லை, இயந்திரம் இல்லை. ஏரிக்கு இவர்களைவிடக் குறைவாகத் தொந்தரவு தருகிற தொழிலாளர் யாரும் இருக்க முடியாது.

பறவையையும் பிழைப்பையும் சேர்த்தே காக்க ஒரு வழி என்று, இந்த இடத்தில்தான் சூழல் சுற்றுலா என்ற யோசனை வருகிறது. ஆந்திரப் பக்கம் வேலை எளிது. சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. வண்டியை ஓரங்கட்டினால் பூநாரை தெரியும். சூளூர்பேட்டையில் பூநாரைத் திருவிழாவே நடக்கிறது. (திருவிழா என்றால் மேடையும் ஒலிபெருக்கியும் வந்துவிடும். பறவைகளிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.) தமிழகப் பக்கம் பறவையைக் கிட்டத்தில் காணப் படகு வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லை. அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை போட்டால் ஆசை நின்றுவிடாது; அது கண்காணிப்பில்லாத படகைத் தேடிப் போகும்.

பறவைக்கு வரும் கேடு வேறு வகை. கூட்டம் பறக்கும் படம் வேண்டுமென்று கேமராக்காரர் கேட்பார், படகோட்டி மோட்டாரை முடுக்கி அருகே விடுவார். ஒரு நொடிப் படத்துக்காக நூற்றுக்கணக்கான பறவைகள் மேய்ச்சலை விட்டு எழும். மறுபடி மறுபடி எழுப்பினால், தின்று சேர்த்ததெல்லாம் சிறகடிப்பிலேயே கரையும்.

ஒடிசாவில், சிலிகா ஏரிக்கரை மங்களாஜோடியில் பறவை வேட்டைக்குப் பெயர்போன ஊரே இன்று வழிகாட்டிகளின் ஊர். மூங்கில் கழியால் தள்ளும் படகில்தான் பார்வையாளரை அழைத்துப் போகிறார்கள். பழவேற்காட்டுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டிய வேட்டைக்காரர் கூட்டமில்லை. பறவையும் பார்வையாளரும் வரும் குளிர்காலம்தான் ஏரியில் மீனும் இருக்கும் காலம். கோடையில் முகத்துவாரம் அடைபட்டு அடுப்பு எரியாதபோது சுற்றுலாவும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே மீன்பிடிக்கு மாற்று என்று சுற்றுலாவைக் காட்டுவது ஏமாற்று. மேல்வருமானம் என்று சொன்னால் சரி.

அந்த மேல்வருமானத்தைப் பங்கிட வெளியிலிருந்து ஆலோசகர் வர வேண்டியதில்லை. பாட்டைப் படகுக்கும் நீட்டலாம். ஒரு நாளைக்கு இத்தனை படகு, சீட்டு விழுந்தவருக்கு முறை, ஏறுபவருக்கெல்லாம் உயிர்காப்பு உடை, பூநாரைக் கூட்டத்துக்கு இத்தனை தூரத்துக்கு அப்பால் மோட்டாரை அணைத்துக் கழியைப் பிடிப்பது. விதியை மீறினால் அடுத்த முறை போய்விடும். ஊர்ப் பஞ்சாயத்துக்கு இது பழகிய தண்டனைதான். ஆனால் இந்தச் சீட்டில் இருளர் பெயரும் முதல் நாளே இருக்க வேண்டும். பழைய பாட்டின் குறையைப் புதிய பாட்டுக்கும் எழுதி வைக்கக் கூடாது. படகே வேண்டாதவர்களுக்கு டச்சுக்காரர் விட்டுப்போன கல்லறைத் தோட்டமும், உள்ளூர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பொருட்களும் கரையிலேயே இருக்கின்றன.

இவ்வளவும் ஏரி ஏரியாக இருந்தால்தான். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் கோப்பில் இருக்கிறது. கடலரிப்பு கூடி, ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல்திட்டு கரைந்துவிடும் என்பது அதை எதிர்க்கும் மீனவர்களின் அச்சம். அந்த மணல்திட்டு போனால் படகுக்குச் சீட்டுப் போடும் பேச்சுக்கே இடமிருக்காது.