கரையில் நிற்பவர்கள்

வத்தேகமவின் தேயிலை மலைகளிலிருந்து கடல் தெரிவதில்லை. ஆயினும் இம்மலைகளில் உழைப்போரின் முன்னோர் கடல் கடந்தே வந்தனர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பத் தீர்மானித்தது. உறவுகளைக் கரையில் விட்டுவிட்டுத் தலைமன்னாரில் கண்ணீருடன் கப்பலேறியோர் பலர்.

2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்தது. அன்று பிரிவைச் சுமந்து கடந்த கடலைச் சிலர் இன்று ஓய்வை நாடிக் கடக்கின்றனர்.

இது தவறாகுமா? இல்லை. களைத்துத் திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்திற்குச் சென்று இளைப்பாறும்படி அழைத்தவர் இயேசுவே. அவர்களும் படகிலேயே சென்றனர். ஆனால் கரையிறங்கியபோது, அங்கே திரண்டிருந்த மக்களைக் கண்டு அவர் மனமிரங்கினார் என்கிறது மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம். ஓய்வை நாடிச் சென்றவர், காத்திருந்தோரைத் தொல்லையென எண்ணவில்லை.

அன்பர்களே, வாய்ப்பிருந்தால் பயணம் செல்லுங்கள். தீவுகளின் அழகைக் கண்டு இறைவனைப் போற்றுங்கள். அத்துடன் கப்பலில் உணவு பரிமாறுபவரையும், துறைமுகத்தில் சுமை தூக்குபவரையும் மனிதராகக் காணுங்கள். நம் மலைகளில் கொழுந்து பறிக்கும் தாய்க்கும் ஓய்வு உரியது என்பதை மறவாதிருங்கள். பிறரும் இளைப்பாற நாம் வழிசெய்யும்போதே நமது ஓய்வு நிறைவடைகிறது.