‘வேண்டும்’ என்னும் வினையும் எதிர்காலக் கடப்பாடும்: பேராக் தோட்டப்புற அறிவிப்புகளை முன்வைத்து

ஆங்கில அலுவல் மொழியில் எதிர்காலக் கட்டாயத்தைச் சுட்டும் தொடர்கள் பல உள. ‘ஷல்’ என்பது சட்டத்தின் ஆணை. ‘வில் ஹேவ் டு’ சூழ்நிலையால் நேரும் கட்டாயம். ‘இஸ் டு’ முன்னரே முடிவாகிவிட்ட ஏற்பாடு. ‘வில் பி ரிக்குவயர்டு டு’ என்பதோ ஆணையிடுபவரை மறைத்து ஆணையை மட்டும் காட்டுவது. தமிழில் பெயர்க்கும்போது இந்நான்கும் பெரும்பாலும் ‘வேண்டும்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

‘வேண்டும்’ செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று. அதில் நிகழ்வும் எதிர்வும் பிரிந்து நிற்பதில்லை. காலத்தைத் தெளிவாக்க விரும்பி ‘வேண்டியிருக்கும்’ என்றால் எதிர்காலம் தெரிகிறது. ஆனால் ஊகப்பொருள் நுழைந்து கட்டாயம் தளர்ந்துவிடுகிறது.

இஃது இலக்கண நுட்பம் மட்டுமன்று. ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் பல, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் துண்டாடப்பட்டன. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயத்துக் குடும்பங்களுக்கு வரும் ஆங்கில அறிவிப்பைக் கிராணி தமிழில் எடுத்துச்சொல்லும் நிலையை எண்ணிப்பார்ப்போம். ‘வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்’ என்று கேட்பவர், அது நேரலாம், நேராமலும் போகலாம் என்றே கொள்வார். மூல வாசகத்தில் அத்தகைய ஐயத்திற்கு இடமே இல்லை.

முதலாளியின் கடப்பாடும் இவ்வாறே நெகிழ்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் கால அளவு குறிக்கப்படாதபோது, இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 6 வாரம், அதற்குமேல் 8 வாரம் முன்னறிவிப்பு கேட்கிறது. ஆட்குறைப்பு இழப்பீட்டை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் சேவைக்காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 10, 15, 20 நாள் ஊதியமென வகுத்தன. இவை ‘ஷல்’ என்னும் சொல்லின் வலுவில் நிற்பவை. ‘முதலாளி கொடுக்க வேண்டும்’ என்ற தமிழில், வேண்டுதல் என்னும் பழம்பொருளின் சாயல் படிந்துவிடுகிறது.

சொல் வரலாறு இங்கு உதவுகிறது. மலாய்ச் சட்டமொழியின் ‘ஹெண்டாக்லா’, விரும்பு எனப் பொருள்படும் ‘ஹெண்டாக்’ என்பதிலிருந்து வந்தது, ‘வேண்டும்’ போலவே. ‘ஷல்’ என்பதன் பழம்பொருளோ கடன்பட்டிருத்தல். எனவே அதற்கு நெருங்கிய தமிழ் வடிவம் ‘கொடுக்கக் கடவர்’ என்பதே. எனினும் ‘கடவது’ இன்று சாபத்தையும் பழைய விவிலிய நடையையும் நினைவூட்டுகிறது. தோட்டத்தில் அதை வாசித்துக்காட்டினால் சிரிப்புத்தான் எழும்.

‘ஷல்’ எப்போதும் கடமையைக் குறிப்பதும் இல்லை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் விதி மலாய்மொழியைத் தேசிய மொழியாக அறிவிக்குமிடத்தில், மலாய்ப் பாடம் ‘இயாலா’ (ஆகும்) என்கிறது; எழுத்து வடிவத்தைப் பேசுமிடத்தில்தான் ‘ஹெண்டாக்லா’ வருகிறது. இலங்கை அரசியலமைப்பின் தமிழ்ப் பாடமோ ஆட்சிமொழி பற்றிய 18ஆம் உறுப்புரையில் ‘ஆதல் வேண்டும்’ என்கிறது. நிறைவேறிவிட்ட அறிவிப்பு அங்கே இனி நிறைவேறவேண்டிய விருப்பம்போல் ஒலிக்கிறது. மலாய் மொழிபெயர்ப்பாளரின் பகுப்பே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

கடமையைச் சொல்லுமிடத்தில் ‘கொடுத்தாக வேண்டும்’ என்ற வழக்குத் தொடர் நம்மிடம் உண்டு. அதில் விருப்பச் சாயல் இல்லை. ‘மாத இறுதிக்குள்’ என்று நாளையும் சேர்த்துவிட்டால் காலமும் தெளிவாகும். பேச்சுவழக்கு என்று கருதி மொழிபெயர்ப்பாளர் அதை ஒதுக்குவதற்குத் தக்க காரணம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை.