மாடிச் சூடு யார் தலையில்? – கூரைச் சூட்டைக் குறைக்கும் வழிகள்



பங்குனி பிறந்தாலே நம் கூட்டங்களில் ஒரே பேச்சுதான்: "ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வீட்டுக்குள்ள படுக்க முடியலைங்க. ஃபேன் போட்டா அனல்தான் இறங்குது." திருச்சியில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதுசு இல்லை. ஆனால் அன்றைக்குக் கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருந்தவர்கள் இன்று கான்கிரீட் வீட்டுக்கு வந்துவிட்டோம். மழைக்குப் பயம் இல்லை, தீக்குப் பயம் இல்லை. வெயிலுக்குத்தான் வழி தெரியாமல் இருக்கிறோம்.

வெயில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான் சூடு என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி சுற்றுபவர்கள், செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுபவர்கள், கைக்குழந்தைக்காரிகள், படுக்கையில் இருக்கும் மாமியார் எல்லாரும் பகல் முழுக்க அந்தக் கூரைக்கு அடியில்தான் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் மாதிரி இதுவும் உயிர் வாங்கும் என்பதால்தான் அந்த அறிவிப்பு.

சூடு எப்படி உள்ளே வருகிறது?

சுவரில் வெயில் காலையிலோ சாயங்காலமோதான் சாய்வாகப் படும். மொட்டை மாடியில் காலை முதல் மாலை வரை படுகிறது. உச்சி வேளையில் கான்கிரீட் தளத்தின் மேல்பக்கம் 60 டிகிரி வரைக்கும் ஏறும். செருப்பில்லாமல் துணி காயப்போட ஏறியவர்களுக்கு இது தெரியும்.

அந்தச் சூடு உடனே கீழே இறங்கிவிடாது. கான்கிரீட் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து அடிப்பக்கமாக விடும். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கை வைக்க முடியாது இல்லையா, அதே கதைதான். அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் வீட்டுக்குள் வேகிறது.

ஆகவே நமக்கு முன்னால் இரண்டு வேலை. ஒன்று, வெயிலைத் தளம் குடிக்கவிடாமல் திருப்பி அனுப்புவது. இரண்டு, குடித்த சூடு கீழே இறங்காமல் நடுவில் தடுப்பது.

பழைய கட்டடங்களில் என்ன செய்தார்கள்?

குளிர் நாடுகளில் சாய்வான கூரைக்குக் கீழே பரண் மாதிரி ஓர் இடம் விட்டு, அதில் கண்ணாடி நார் மெத்தை விரிப்பார்கள். வீட்டுக்குள் மூட்டிய கதகதப்பு வெளியே போகாமல் இருக்க அது. நமக்கு வேண்டியது நேர் எதிர். வெளிச்சூடு உள்ளே வரக்கூடாது. நம் ஊர் ஓட்டு வீடுகளில் ஓட்டுக்கும் அறைக்கும் நடுவில் இருந்த மச்சு இந்த வேலையைத்தான் செய்தது. நடுவில் நிற்கும் காற்று சூட்டைச் சீக்கிரம் கடத்தாது.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் 'மெட்ராஸ் டெரஸ்' கூரையை இன்னும் பார்க்கலாம். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். உடைத்த செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளை. துளைக்குள் காற்று. அந்தக் காற்றுதான் சூட்டுக்கு வேலி. ஊர் குளிர்ச்சிக்கு அடித்த கட்டை பெண்கள் கையில்தான் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறகு அந்த வீடுகள் பலவும் இடிந்து அடுக்குமாடிகள் வந்தன. ஒழுங்காகக் கட்டின இடங்களில் கான்கிரீட் தளத்தின் மேல் சுமார் 3 அங்குலத்துக்குச் சுண்ணாம்பு ஜல்லி போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். செலவு மிச்சம் பிடித்த இடங்களில் தளத்தின் மேல் சிமெண்ட் பூச்சோடு நிறுத்திவிட்டார்கள். நாளானதும் ஓடு பெயர்ந்து, சந்து பிளந்து, ஜல்லிக்குள் மழைநீர் இறங்குகிறது. காற்று இருக்க வேண்டிய துளையில் தண்ணீர் நின்றால் வேலி போச்சு. ஒழுகலும் வரும், சூடும் வரும்.

மேல் வீட்டுக்காரர் மட்டும் கொடுக்கணுமா?

அடுக்குமாடியில் எப்போதும் வரும் சண்டை இது. நாலு மாடி இருந்தால் கடைசி மாடிக்காரர் மட்டும் வேகிறார். "உனக்குத்தானே சூடு, நீயே போட்டுக்கோ" என்பார்கள் கீழே இருப்பவர்கள். ஆனால் பொதுவாக மொட்டை மாடி ஒருவருடைய சொத்து இல்லை. படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி மாதிரி அதுவும் எல்லாருக்கும் பொது. மாடியில் இறங்கும் தண்ணீர் இன்றைக்கு மேல் வீட்டில் கறை. கம்பி துருப்பிடித்துக் காரை விழ ஆரம்பித்தால் கட்டடம் முழுக்கவே ஆபத்து. அதனால் மராமத்துச் செலவைப் பொதுவில் போடுவதே நியாயம். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் (2021இல் இருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) இருக்கும் சகோதரிகள், தனித்தனியாகப் புலம்பாமல் பிளாக்கில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுங்கள்.

கிராமத்தில் இருக்கும் நமக்கு இந்தச் சண்டை இல்லை. ஒரே தளம். நாமே கீழ்வீடு, நாமே மேல்வீடு. பசுமை வீடு, தொகுப்பு வீடு என்று கட்டிய பல வீடுகளில் தளத்தின் மேல் ஒன்றுமே போடாமல் விட்டிருக்கிறோம். ஆகவே கீழே சொல்வது நமக்குத்தான் அதிகம் பொருந்தும்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. முதலில் ஒழுகலை நிறுத்துங்கள். மாடியைக் கூட்டிக் கழுவி, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பாருங்கள். வெடிப்பை அடையுங்கள். தண்ணீர் இறங்கும் குழாயில் இலை, மண் எடுங்கள். ஈரத்தின் மேல் எதைப் பூசினாலும் உரிந்து வரும்.

2. வெள்ளை அடியுங்கள். சாம்பல் நிறக் கான்கிரீட் தன் மேல் படும் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். நல்ல வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி விடும். அறைச்சூடு 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். வீட்டுக்கு வீடு இது மாறும்.

சுண்ணாம்பு அடிப்பதுதான் மலிவு. சுண்ணாம்பு இரண்டு பங்கு, வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை. கெட்டி மோர் பதத்தில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். தளத்தை நனைத்துவிட்டுச் சாயங்காலம் அடியுங்கள். முதல் கோட் தெற்கு வடக்காக என்றால் இரண்டாவது கிழக்கு மேற்காக. இரண்டு மூன்று நாள் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். வருஷம் ஒரு தடவை, மாசி பங்குனியில், திரும்ப அடிக்கணும். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் இடையில் ஒரு தடவை கழுவுங்கள்.

கடையில் 'கூல் ரூஃப்' பெயிண்ட் கிடைக்கிறது. பல வருஷம் தாங்கும், விலை கூடுதல். வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். தளம் 20 அடிக்கு 15 அடி என்றால் 300 சதுர அடி. ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 25 சதுர அடி வரும் என்று டப்பாவில் போட்டிருந்தால் 12 லிட்டர் வேண்டும். கூலி தனி. "பத்து வருஷம் கேரண்டி அக்கா" என்று யாராவது வந்தால், அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வேண்டாம்.

3. தட்டோடு பதிப்பது. செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்று முறைப்படி போட்டால் பல வருஷத்துக்குக் கவலை இல்லை. ஆனால் பாரம் கூடும். பழைய தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் போடாதீர்கள்.

4. நிழல் கொடுங்கள். மாடியில் பச்சை வலை கட்டலாம். பையில் சுரை, புடலை நட்டுப் பந்தலில் ஏற்றினால் காயும் ஆச்சு, நிழலும் ஆச்சு. பை நேராகத் தளத்தில் இருக்க வேண்டாம், செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

5. உள்ளே தடுப்பு. தகர வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டிலும் கூரைக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ முசிறிக் கோரைப்பாயோ கட்டலாம். இரண்டு பக்கமும் காற்று போக வழி விடுங்கள். அடுப்பு இருக்கும் இடத்திலும் கரண்ட் ஒயர் ஓடும் இடத்திலும் கட்டவே கூடாது. தெர்மாகோலும் சீக்கிரம் தீப்பிடிக்கும்.

6. ஜன்னல் பழக்கம். வெயில் ஏறியதும் வெயில் பக்க ஜன்னலை மூடுங்கள். பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவது அன்றைக்கு மட்டும்தான் உதவும். சித்திரையில் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் அது கட்டாது.

கவனம், சகோதரிகளே

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போடாமல் கரைக்காதீர்கள். பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி போங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலும் கரண்ட் கம்பி பக்கத்திலும் தனியாக ஏற வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் கால் வைத்தால் உடைந்துவிடும். அதைச் சுரண்டவோ, காய்ந்தபடி தேய்க்கவோ, துளை போடவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். மழைநீரைத் தொட்டியில் பிடிக்கிற வீடுகளில், புதிதாக வெள்ளை அடித்த பிறகு வரும் முதல் மழைகளை வெளியே விட்டுவிடுங்கள்.

மற்ற பெண்கள் செய்திருக்கிறார்கள்

குஜராத்தின் அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் ஏராளமானோர் இறந்தார்கள். அதன் பிறகு 2013இல் அந்த நகராட்சி வெப்பத்துக்கென்று தனிச் செயல் திட்டம் கொண்டு வந்தது. அங்கே 1994 முதல் வேலை செய்யும் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு மூலம் குடிசைப் பகுதிப் பெண்கள் தகரக் கூரையிலும் கான்கிரீட்டிலும் வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். தெலுங்கானா அரசு 2023இல் குளிர் கூரைக்கென்றே கொள்கை வெளியிட்டது. நம்மால் முடியாதா?

குழுவில் என்ன செய்யலாம்?

பெரிய கடன் வாங்கி எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம். ஒரே மாதிரி கட்டிய, பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். இரண்டு வீட்டிலும் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி, ஒரு வாரம் மத்தியானம் 3 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் நோட்டில் எழுதுங்கள். பலன் உங்கள் கண்ணுக்கே தெரியும். பிறகு கூட்டத்தில் முடிவெடுங்கள். சுண்ணாம்புக்கு உள்கடன் போதும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆளுக்கு ஒரு நாள் கைமாற்று வேலை செய்தால் கூலியும் மிச்சம்.

யார் வீட்டில் முதலில் என்று கேள்வி வந்தால், வசதி உள்ளவர் வீட்டை விட்டுவிடுங்கள். படுக்கையில் வயதானவர் இருக்கும் வீடு, பிறந்த குழந்தை இருக்கும் வீடு, பகலெல்லாம் உள்ளேயே தொழில் செய்யும் வீடு – இந்த வரிசையில் தீர்மானம் எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச:

• நம் குழுவில் எத்தனை கான்கிரீட் வீடு, எத்தனை தகரம், எத்தனை ஆஸ்பெஸ்டாஸ்?
• எந்தெந்த வீட்டில் ஒழுகல் இருக்கிறது?
• சோதனைக்கு எந்த இரண்டு வீடு?
• மயக்கம், வேர்வை நின்றுபோதல், உளறல் யாருக்காவது வந்தால் உடம்பை ஈரத்துணியால் குளிரவைத்து 108ஐக் கூப்பிடணும் என்பது எல்லாருக்கும் தெரியுமா?

நீங்கள் எழுதிய வெப்பக் கணக்கைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த ஊரில் எத்தனை டிகிரி குறைந்தது என்று சேர்த்துப் பார்ப்போம். அந்தக் கணக்கு கையில் இருந்தால் ஊராட்சியிலும் கிராம சபையிலும் தைரியமாகக் கேட்கலாம்.